சமையலுக்கு ஊற்றவிருந்த 1996 பரோலோ: பழைய இத்தாலியச் சிவப்பு ஒயின்களோடு உங்கள் அனுபவம் என்ன?

மூடுபனி எழுதியது:

செர்ரலுங்கா ஊரின் 1996 பரோலோ, லா மோர்ரா ஊரின் 1997 பரோலோ, டஸ்கனியிலிருந்து ஒரு 1997 புருனெல்லோ. மூன்றையும் பழைய காலுறைகளுக்குள் மறைத்து, தொரினோவில் எங்கள் வீட்டு உணவு மேசையில் ஆறு பேர் சுவைத்து மதிப்பெண் இட்டோம். 1997 இரண்டிலும் கார்க் வெளிவந்த சில நிமிடங்களிலேயே பழவாசனை எழுந்துவிட்டது. 1996இலோ, உதட்டை ஈறோடு ஒட்டவைக்கும் துவர்ப்பையும் கூரிய புளிப்பையும் தவிர எதுவும் எங்களுக்குப் பிடிபடவில்லை. "ஆறிப்போன கட்டங்காப்பி" என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆறு பேரில் ஐவர் அதற்குக் கடைசி இடம் கொடுத்தோம். காலுறையைக் கழற்றிய பிறகுதான், அது எதிர்வீட்டுப் பெரியவர் தம் மகன் பிறந்த ஆண்டின் அறுவடை என்று நிலவறையில் காத்து வைத்திருந்து எடுத்து வந்த பாட்டில் என்பது தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் கோப்பையை மட்டும் நள்ளிரவுவரை காலி செய்யாமல் வைத்திருந்தார்.

மிஞ்சிய கால் பாட்டிலை மறுநாள் பிரசாத்தோவில், அதாவது ஒயினில் மெல்ல வேகவைக்கும் இறைச்சியில், ஊற்றிவிடலாம் என்று கார்க்கைத் திணித்துச் சமையல் மேடையில் வைத்தேன். மறுநாள் மாலை, இறைச்சி சிவந்து வெங்காயமும் வதங்கிய நேரத்தில் பாட்டிலைச் சட்டிக்கு மேல் சாய்த்தவன், சாய்த்த கையோடு நின்றுவிட்டேன். வெங்காய வாசனையையும் மீறிக்கொண்டு காய்ந்த ரோஜா இதழின் மணமும், அதற்கடியில் புதிதாகச் சாலை போடும் இடத்தின் தார் நெடியும் எழுந்தன. அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கொஞ்சம் குடித்தேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. முந்தைய இரவு முதலிடம் பெற்ற 1997 பரோலோவின் மிச்சமோ உலர்திராட்சை ஊறிய தண்ணீர்போல் தளர்ந்து கிடந்தது. மதிப்பெண் தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. மற்ற நால்வரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

துவர்ப்புப்பிரியர் எழுதியது:

குற்றம் ஒயினுடையது அன்று, நீங்கள் அமைத்த போட்டியுடையது. பரோலோ விளையும் பீட்மாண்டில் 1996 புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த, மெல்ல முதிரும் ஆண்டு. 1997 வெயிலில் கனிந்து சீக்கிரமே இணங்கிவிட்ட ஆண்டு. கிளிமூக்கு மாங்காயையும் பழுத்த மாம்பழத்தையும் ஒரே தட்டில் அறுத்து வைத்து எது இனிப்பு என்று கேட்டால் விடை முன்கூட்டியே தெரிந்ததுதானே? உங்கள் லா மோர்ரா ஒயின் பாரிக் எனும் சிறிய புதிய ஓக் பீப்பாயில் வளர்ந்ததாகவும் இருக்கக்கூடும். ஒயின் தயாரிப்பாளர் எலியோ ஆல்தாரே பாரிக்குக்கு மாறுவதற்காக 1983இல் தம் தந்தையின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்த ஊர் அது.

என் தவறு இதற்கு நேர்மாறானது. பரோலோவின் அதே திராட்சையில் செய்யும் பார்பரெஸ்கோ ஒன்றை, 2001ஆம் ஆண்டினதை, காலை 10 மணிக்கே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தேன். விருந்தினர் வந்த இரவு 8 மணிக்கு அதில் வாசனை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து கார்க்கை மட்டும் எடுத்து, அரைக் கோப்பை ஊற்றிக்கொண்டு, பாட்டிலை அப்படியே ஆறேழு மணி நேரம் விட்டுவிடுகிறேன்.

அடிமண்டி எழுதியது:

துவர்ப்புப்பிரியர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலின் கழுத்தளவு பரப்பில் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு காற்று புகும்? நீங்கள் ஊற்றிய அந்த அரைக் கோப்பைதான் வேலை செய்கிறது. அது மட்டத்தைத் தோள்வரை இறக்குகிறது. ஊற்றும் அசைவிலேயே காற்றும் கலக்கிறது.

ஒருமுறை தென் இத்தாலியச் சிவப்பு ஒயினான ஒரு பழைய தௌராசியை நேப்பிள்ஸிலிருந்து தொரினோவரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஆசை தாங்காமல் அன்றிரவே திறந்தேன். கோப்பையில் விழுந்தது ஆற்று வண்டல், வாயில் கசப்பு. அவ்வளவுதான் என் கதை.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். படுக்க வைத்திருந்த பாட்டிலை, மண்டி அடியில் தங்கும்படி, குறைந்தது மூன்று நாள் நிமிர்த்தி நிறுத்துங்கள். இருபது ஆண்டைத் தாண்டிய கார்க்கில் திருகாணியைச் செலுத்தினால் அது பொடிந்து உள்ளே விழ வாய்ப்பு உண்டு. இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் இறக்கி முறுக்கி எடுக்கும் கருவியே பாதுகாப்பானது. குடுவைக்கு மாற்றும்போது பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ வைத்து, மண்டியின் புகைபோன்ற இழை பாட்டிலின் தோள்பட்டையை எட்டிய கணத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை வீணாகிறதே என்று வருந்தக் கூடாது. 16 முதல் 18 பாகை வெப்பம் போதும். அறை வெப்பம் என்ற பேச்சு வெப்பமூட்டிகள் வருவதற்கு முந்தைய வீடுகளுக்கு உரியது. வரிசையும் முக்கியம்: சாஞ்சோவேசே (புருனெல்லோவின் திராட்சை) முதலில், பிறகு நெப்பியோலோ (பரோலோ, பார்பரெஸ்கோவின் திராட்சை), அதன்பின் அல்யானிகோ (தௌராசியின் திராட்சை). திராட்சையை உலர்த்திச் செய்யும் அமரோனேயை நடுவில் வைத்தால் அதன் ஆல்கஹாலும் கனமும் அடுத்து வரும் எதையும் தண்ணீராக்கிவிடும். நெப்பியோலோவின் நிறம் வெளிறிச் செங்கல்லாகத் தெரிவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்; இளமையிலும் அதற்கு அடர்நிறம் கிடையாது.

ஈரஅட்டை எழுதியது:

அந்த 1996 பாட்டில் மறுநாள் மணத்ததே அதன் கார்க் பழுதற்றது என்பதற்குச் சான்று. கார்க் வாடை காற்றுப்பட்டு மறைவதில்லை, நேரம் போகப் போக இன்னும் தூக்கலாகத் தெரியும். சியேனாவில் ஒரு நண்பர் தம் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் திறந்த புருனெல்லோவில், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வீசியது. அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் தலையாட்டியபடியே இரண்டு கோப்பை குடித்தேன். அவருக்கும் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். மூடுபனி, எதிர்வீட்டுப் பெரியவரிடமாவது நீங்கள் உண்மையைச் சொன்னீர்களா?

மூடுபனி எழுதியது:

சொன்னேன். அன்று மாலையே, மண்டி கலங்காமல் எடுக்க முடிந்த கொஞ்சத்தைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவர் நீண்ட நேரம் முகர்ந்துவிட்டு, குடிக்காமல் கோப்பையை மகனுடைய புகைப்படத்துக்கு அருகில் வைத்தார். பிறகு, பிரசாத்தோவில் எதை ஊற்றினாய் என்று கேட்டார். தினமும் குடிக்கும் பார்பெரா என்றேன். அதுவே போதும் என்றார்.