1969 கமாரோ இசட்/28: இன்ஜின் காரோடு வந்ததா, பிறகு மாற்றியதா?

கேள்வி:
1969 செவர்லே கமாரோ இசட்/28 (கமாரோவின் அதிவேக வகை) ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். காரோடு வந்த 302 (கன அங்குல) இன்ஜின்தான் இன்னும் இருக்கிறது, நம்பர் எல்லாம் பொருந்துகிறது என்கிறார் விற்பவர். பிளாக்கின் (இன்ஜினின் முக்கிய உடல்) பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்: காஸ்டிங் நம்பர் (வார்க்கும்போதே பதிந்த எண்) 3970010, தேதி சி 14 9. இது போதுமா? புதுப் பெயிண்ட் அடித்திருப்பதால் பார்வைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பதில் 1:
போதாது நண்பரே. அந்த 3970010 பிளாக்கை 302-க்கும் போட்டார்கள், 350-க்கும் போட்டார்கள். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) வேறு, 302-இல் 3 அங்குலம், 350-இல் 3.48. எழுபதுகளின் கடைசி வரை இதே நம்பரில் பிளாக் வார்த்துக்கொண்டே இருந்தார்கள், தேதியில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் உங்கள் சி 14 9 (சி என்றால் மூன்றாம் மாதம்) மார்ச் 14, 1969-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம்!

வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் பிளாக்கில் சின்னதாக ஒரு தட்டையான இடம் இருக்கும், அதன் படத்தைக் கேளுங்கள். வி0322டிஇசட் மாதிரி ஒன்று குத்தியிருக்க வேண்டும்: வி என்றால் ஃபிளிண்ட் ஆலை, 0322 மார்ச் 22, டிஇசட்தான் 1969 இசட்/28-க்கான குறியீடு. கடைசியில் மூன்று எழுத்து இருந்தால் அது 1970 மாடலோ அதற்குப் பிந்தையதோ. கூடவே காரின் வின் நம்பரின் (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) கடைசிப் பகுதியும் இருக்க வேண்டும். நார்வுட் ஆலையில் செய்த கார் என்றால் 19என், அப்புறம் ஆறு இலக்கம். வின்னை மட்டும் வைத்து இசட்/28 என்று சொல்லவே முடியாது, அது வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்பதோடு நின்றுவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அந்த எழுத்துகளையே புதிதாகக் குத்திவிடுகிறார்கள். இந்தக் காரில் அப்படி ஏமாற்றும் ஆசை ரொம்பவே அதிகம். அதனால் எழுத்தைவிட அது இருக்கும் பரப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெயிண்ட் ரிமூவர் தடவித் துணியால் துடையுங்கள், உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ வேண்டவே வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முன்னிருந்து பின்னாக நெருக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும், ஆலையில் அந்தப் பரப்பைச் சீவியபோது விழுந்தவை. வழவழப்பாகவோ வட்டக் கோடுகளாகவோ இருந்தால் பிறகு யாரோ சீவியிருக்கிறார்கள். ஏமாற்றத்தான் சீவினார்கள் என்று சொல்ல முடியாது, இன்ஜின் பிரித்து வேலை பார்க்கும்போது பிளாக்கின் மேல்பரப்பை இந்த இடத்தோடு சேர்த்துச் சீவுவது வழக்கமான வேலைதான். ஆனால் சீவிய பரப்பில் எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பரப்பு சீவியிருந்து எழுத்தே இல்லையென்றால்?

பதில் 1:
அப்படியானால் ஒரிஜினல் என்று நிரூபிக்க வழியில்லை, ஒரிஜினலுக்கான விலையையும் கொடுக்காதீர்கள். தேதி வரிசையைப் பாருங்கள்: பிளாக்கை வார்த்த தேதி முதலில், இன்ஜின் சேர்த்த தேதி அடுத்து, கார் கடைசியில். சிஇ என்று குத்தியிருந்தால் அது வாரண்டியில் கொடுத்த மாற்று பிளாக். கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் தேதிகளை ரொம்ப நம்ப வேண்டாம், அவற்றைத் தேடிப்பிடித்து மாட்டிவிடலாம். இந்தக் காரோடு வந்த மன்சி கியர்பாக்ஸிலும் வின் பகுதி குத்தியிருக்கும், காரைத் தூக்கி அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.