‘இதுதான் கடைசி’ என்று டர்ன்டேபிள் வாங்கியவர்கள்: உங்கள் அனுபவம்?

வெள்ளவத்தை வாசி:
லின் எல்பி12 என்ற டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) பாட்டுக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். பம்பலப்பிட்டியில் ஒரு ஐயா வீட்டில் கேட்டு மூன்று மாதமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இசைத்தட்டு வைக்குமுன் சுழல்தட்டின் ஓரத்தை ஒரு விரலால் மெல்ல அமுக்கி விட்டார். தட்டும் ஊசிக்கையும் சேர்ந்து நேரே இறங்கி நேரே ஏறின. பக்கவாட்டில் துளி ஆட்டமில்லை. "இது கோணினால் பாட்டும் கோணும்" என்றார். பிறகு நாதஸ்வரம் போட்டார். தவிலில் கோல் விழுவது வேறு, விரல் விழுவது வேறு என்று அன்றுதான் காதால் அறிந்தேன். 1973 முதல் வரும் மாடல், பழையதிலேயே புதிய பாகம் ஏற்றலாம். அதனால் இதுவே கடைசி என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் நான் இருப்பது ரயில் பாதையோரத் தொடர்மாடி. மூன்று ஸ்பிரிங்கில் நிற்கும் சாமான் இங்கே தாங்குமா?

தெஹிவளை மகன்:
ஸ்பிரிங்கை விடுங்கள், முதலில் மோட்டாரைப் பாருங்கள். நியூ ஜெர்சிச் சித்தப்பா தன் பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளை (மோட்டார் ஒரு பட்டியால் தட்டைச் சுழற்றும் வகை) அப்பாவுக்கென்று தூக்கி வந்தார். 120 வோல்ட். டிரான்ஸ்போர்மர் போட்டோம், சரி என்று நினைத்தோம். அப்பா குளித்து, புதுச் சாரம் உடுத்து, கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். எம்.எல். வசந்தகுமாரி தட்டு. இரண்டு வரி போனதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "இது அவவின்ர குரல் இல்லை."

டிரான்ஸ்போர்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கரண்டின் ஹேர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் ஏசி சின்க்ரோனஸ் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 28க்கும் குறைவாகச் சுற்றியது. 50 ஹேர்ட்ஸுக்கான மோட்டார்க் கப்பி வந்து சேர்ந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பழைய ஊசி:
தெஹிவளைத் தம்பி சொன்ன தொல்லைக்கு மருந்து டைரக்ட் டிரைவ், அதாவது பட்டியில்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் வகை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972இல் வந்தது, 2010இல் நிறுத்தினார்கள், 2016இல் திரும்பி வந்தது. குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாடலை எடுத்தால் கரண்டின் ஹேர்ட்ஸ் அதன் வேகத்தைத் தொடாது, வோல்ட் மட்டும் பாருங்கள். டிஜே சாமான் என்று ஒதுக்குவது தவறு, வெள்ளவத்தை. என்னுடையது தெருவில் லொறி போனாலும் அசையாமல் பாடுகிறது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் எதை வாங்கினாலும் கேளுங்கள். தரையில் நிற்கும் மேசை வேண்டாம், செங்கல் சுவரில் பலகை அடியுங்கள். நடக்கும்போது ஊசி துள்ளுவது பாதி அதிலேயே நின்றுவிடும். கடல் பக்க ஜன்னலடியில் வைக்காதீர்கள், உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். தட்டுகளை நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் வளையும். ஊசி அழுத்தம் பார்க்கச் சின்னத் தராசு வாங்குங்கள், பெரும்பாலான கார்ட்ரிஜ் (ஊசி பொருத்திய தலை) 2 கிராமுக்குப் பக்கத்தில்தான் கேட்கும், சரியான அளவு அதன் தாளில் இருக்கும். குறைத்து வைத்தால் தட்டு தப்பும் என்பார்கள், நம்பாதீர்கள். பாதை தவறித் துள்ளும் ஊசிதான் தட்டைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த உறையை உடனே மாற்றுங்கள். எல்லாக் காசையும் டர்ன்டேபிளில் போட்டுவிட்டுக் கார்ட்ரிஜுக்குக் கை ஏந்தாதீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி:
அண்ணா, அவர் ரயிலைப் பற்றித்தானே கேட்டார்? அதோடு கார்ட்ரிஜில் காசு போடச் சொன்னால் இதையும் சொல்லுங்கள்: மூவிங் கொயில் (moving coil) என்ற வகைக் கார்ட்ரிஜில் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. நான் தூசி தட்டிய துணியில் ஒரு நூல் தொங்கியது. இழுபட்டது கூடத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஊசியைத் தாங்கும் கண்ணிமை மயிரளவுக் குச்சி ஒரு பக்கம் மடிந்திருந்தது. வாங்கி ஐந்து வாரம். அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசி:
எல்லாருக்கும் நன்றி. தெஹிவளை, அந்தக் கதிரையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மாலை ரயிலுக்கு அலுமாரி மேல் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அடுத்த ரயிலுக்கு உள் அறைச் சுவரில் சாமிப்படம் இருக்கும் பலகையில் வைத்தேன். தண்ணீர் அசையவில்லை. அம்மாவிடம் அந்தப் பலகையைக் கேட்க வேண்டும். அப்புறம் ஐயாவிடம் போய், ஸ்பிரிங் சரிசெய்து கொடுத்தவர் யார் என்று விசாரிக்கிறேன்.