பள்ளிக்கு வராத பெற்றோரைத் தேடிப் போனபோது: சென்னைப் புறநகர் அரசுப் பள்ளி அனுபவங்கள்

பல்லாவரம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

என் மகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2022-ல் மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது நானும் உறுப்பினரானேன். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் இது நடந்தது. 20 பேர் கொண்ட குழு, அதில் 15 பேர் பெற்றோர், தலைவராக மாணவர் ஒருவரின் அம்மா. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்றார்கள். பல்லாவரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சந்தை நாள். பழைய டிரங்க் ரோடு முழுக்கச் செடி, கருவாடு, பழைய மிக்ஸி, மோட்டார், கட்டில், புறா என்று எல்லாம் வந்து இறங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் பலருடைய அப்பா அம்மாவுக்கு நாலு காசு பார்க்கிற நாளே அதுதான். கடையை அப்படியே விட்டுவிட்டு மூன்று மணிக்குக் கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் யார் வருவார்கள்?

"வராதவங்களுக்குப் பிள்ளை மேல அக்கறை இல்லைன்னு அர்த்தம்" என்று ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே நானும் இன்னும் இரண்டு அம்மாக்களும் தீர்மான நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனோம். கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பேசுவது பள்ளிக்கூடத்து விஷயம் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்கக்கா, நாங்களும் உங்கள மாதிரிதான்" என்று உட்கார வைத்தோம். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, அதனால் தன் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர் சொன்னார். கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அடுத்த மாதத் தீர்மானத்தில் முதல் வரி அதுதான். மோட்டாரைச் சரிசெய்து தண்ணீர் வரும்வரை நாங்கள் ஹெச்.எம்.மை விடவில்லை. அவரும் மாநகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு மறக்க முடியாத சந்திப்பு இன்னொன்று. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த பிறகு பத்தாம் வகுப்பில் ஒரு பெண் வரவே இல்லை. வருகைப் பதிவு இப்போது செல்போனிலேயே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறிவிடுவதால், தொடர்ந்து வராத பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. டீச்சர் போன் செய்தார், எடுக்கவில்லை. சரி, நேரிலேயே போவோம் என்று டீச்சரோடு இரண்டு பேர் கிளம்பினோம்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் கொடியில் யூனிஃபார்ம் தொங்கியது. அவள் அம்மா அபார்ட்மெண்ட்களில் வீட்டு வேலை செய்கிறார், அப்பா இரவு வாட்ச்மேன், பகலில் தூங்க வேண்டும். இரண்டரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். வேலை முடிந்து வந்த அந்த அம்மா எங்களைப் பார்த்ததும், "என்ன புகார் டீச்சர், என்ன பண்ணிட்டா?" என்றுதான் கேட்டார். புகார் இல்லாமல் பள்ளியிலிருந்து ஆள் வரும் என்றே அவருக்குத் தெரியவில்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

உபதேசம் எதுவும் செய்யவில்லை. அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்த குழந்தையைச் சேர்ப்பார்கள் என்று சொல்லி, மறுநாள் காலையில் நானே கூட்டிப் போனேன். அப்புறம் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி டீச்சர் விளக்கினார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பத்தோடு நிறுத்திவிட்டால் அது கிடையாது. அந்த அம்மா மகளைத் திரும்பிப் பார்த்து, "இது உனக்குத் தெரியுமாடி?" என்றார். தெரியும் என்று தலையாட்டினாள். "ஏன்டி சொல்லல?" என்றதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அந்த வாரமே பள்ளிக்கு வந்துவிட்டாள். இப்போது கல்லூரியில் பி.காம்.

அங்கன்வாடி என்று ஒன்று பக்கத்திலேயே இருப்பதை யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் இப்படி யாரும் போய்ச் சொல்லாமல் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மேற்குத் தாம்பரம், முன்னாள் மாணவர்

பல்லாவரத்து அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது. நான் அப்போது பிளஸ் டூ. டிசம்பர் 1 பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. எங்கள் பள்ளி முகாம் ஆனது. நான் இயற்பியல் படித்த வகுப்பறையில் எங்கள் தெருக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது, மார்ச்சில் பொதுத்தேர்வு. புத்தகம் போனவர்களுக்குப் புதுப் புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் கையால் எழுதிய நோட்டுக்கு என்ன செய்வது? செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வரும் எங்கள் வேதியியல் சார், தன் பழைய நோட்டை ஜெராக்ஸ் போட்டு, நோட்டு இழந்த எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். காசு கேட்கவே இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பள்ளி திறந்த அன்று கரும்பலகையில் முகாமில் இருந்தவர்களின் பட்டியல் அப்படியே இருந்தது. தெருப் பெயர், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எத்தனை பால் பாக்கெட் என்று சாக்பீஸில் யாரோ எழுதியது. ஒரு பையன் டஸ்டரை எடுத்தான். சார் நிறுத்தச் சொல்லிவிட்டு, மொத்தப் பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நிவாரணத்துக்கு யார் பெயராவது விடுபட்டால் காட்டலாம் என்றார். விடுபட்டது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பங்கள் அந்த நோட்டை வைத்துத்தான் வி.ஏ.ஓ.விடம் பேசினார்கள். வேதியியலில் நான் என்ன மார்க் வாங்கினேன் என்பதைவிட இதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்பத்தூர், பட்டதாரி ஆசிரியை

நான் ஆசிரியை என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அன்று திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகளும், போன வருடம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இன்று என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

எட்டாவது வரை சிக்கல் குறைவு. கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பு என்றால் அந்தச் சட்டம் கைகொடுப்பதில்லை. டி.சி. கேட்டால், ஊரில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, ரயில் செலவுக்குப் பணம் சேரும்போது வாங்கி வருகிறோம் என்பார்கள். அதற்குள் பையன் ஏதாவது லேத் பட்டறையில் சேர்ந்துவிடுவான்.

ஒரு அப்பா என் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டு, எனக்குப் புரியாத மொழியில் மிக மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசினால் புரிந்துவிடும் என்று நம்பினார் போல. எட்டாவதில் படிக்கும் அவர் மகள்தான் தமிழில் சொன்னாள்: "அண்ணனை எட்டாங்கிளாஸ்ல என்கூடவே உக்கார வைங்க டீச்சர், அவன் படிச்சுக்குவான்னு அப்பா சொல்றாரு." ஒரு அப்பா தன் மூத்த பையனைத் தங்கையின் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதிக்கிறார் என்றால், அவருக்குப் படிப்பு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். இவர்களைப் பற்றித்தான் "வேலைக்கு வந்தவங்க, படிப்பெல்லாம் கேட்க மாட்டாங்க" என்று சொல்கிறோம்.

அந்தப் பையனுடைய பழைய பள்ளியின் போன் நம்பரைக் கண்டுபிடித்து, எங்கள் இந்தி தெரிந்த அலுவலக உதவியாளர் பேசி, டி.சி. தபாலில் வந்து சேர்ந்தது. இப்போது ஒன்பதாவதில் படிக்கிறான். கணக்கில் நல்ல சூட்டிகை. தமிழ்தான் திணறுகிறது. பத்தாவதில் தமிழ்த் தேர்வு எழுதியாக வேண்டும் என்பதால் மதிய உணவு இடைவேளையில் அவனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேச எனக்கு ஆசை, ஆனால் மொழி தெரியாமல் போனால் பல்லாவரத்து அக்கா சொன்ன மாதிரி புகார் என்றுதான் பயந்துவிடுவார்கள். ஒடியா பேசத் தெரிந்தவர்கள் அம்பத்தூர், ஆவடி பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என்றால் அவர்கள் வீட்டில் இருப்பார்கள், சேர்ந்தே போகலாம்.