லேபர் கேம்பில் எச்.ஐ.வி. வீடியோ போட்டேன், சொதப்பிவிட்டது. நீங்கள் எப்படிக் காட்டுகிறீர்கள்?

நாவலூர்க்காரன்:
நாவலூர் பக்கம் ஒரு கட்டடத் தளத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிறேன். பீகார், ஒடிசா, வங்காளம், ஸ்ரீகாகுளம், நம்ம திருவண்ணாமலை என்று எல்லா ஊர்க்காரர்களும் கேம்பில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு மாலை திரை கட்டி ஏதாவது போடுவோம். போன மாதம் எச்.ஐ.வி. பற்றி ஒரு பழைய வீடியோ. பேச்சு தமிழில், கீழே இந்தி எழுத்து. பாதிப் பேருக்கு எந்த எழுத்துமே படிக்க வராது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மண்டை ஓடு, எலும்பும் தோலுமாக ஒருவர், பின்னால் சோக இசை. ஆணுறை வந்த இடத்தில் ஒரே சிரிப்பு, சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் எழுந்தே போய்விட்டார்கள். அதைவிட மோசம், மறுநாள் காலை மெஸ்ஸில் ஒல்லியாக இருமிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குத் தனித்தட்டு வைத்துவிட்டார்கள். அவனுக்கு வெறும் சளி. இப்படிக் கலந்த கூட்டத்துக்கு எப்படிக் காட்டுவது? நாமே எடுக்கலாமா?

பழைய கவுன்சிலர்:
தம்பி, நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில் பல வருடம் இருந்தவள் நான், அந்த மண்டை ஓடு எனக்கு நன்றாகப் பழக்கம். அதைப் பார்த்துப் பயந்தவர் டெஸ்ட் எடுக்க வரமாட்டார், அவ்வளவுதான் அதன் பலன். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாகத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதே நம்ம சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழு. அப்போது மருந்து கிடையாது, பயம்தான் பாடம். 2004-லிருந்து அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். ஆகவே ஒரு வீடியோவில் மாத்திரை பற்றிப் பேச்சே இல்லை என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், பத்து நிமிட வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது கொசுவைத்தான், எழுதித் தருகிறேன். கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகாது, அது கடிக்கும்போது உள்ளே விடுவதும் தன் உமிழ்நீரைத்தானே தவிர முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. இதைப் படம் போட்டுக் காட்டினால் சட்டென்று புரிகிறது, வீடியோவின் உண்மையான பயன் இந்த மாதிரி இடத்தில்தான். அதோடு ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை எதிலும் பரவாது என்பதையும் காட்டுங்கள், உங்கள் மெஸ் பிரச்சினைக்கு அதுதான் மருந்து. பெண்களுக்குத் தனியாக, ஒரு பெண் பேசட்டும். கர்ப்பிணித் தாய் மாத்திரை எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும் என்றால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். "ஆணுறை"யை விட "நிரோத்" என்று சொல்லுங்கள், பல மொழிக்காரருக்கும் பழகிய பெயர்.

தாம்பரம் பயணி:
நான் பதினைந்து வருடமாக மாத்திரை எடுப்பவன். காலையில் லோக்கல் ட்ரெயின், எட்டு மணி நேர வேலை, ராத்திரி ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, மாத்திரையும் விடாமல் எடுத்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது, என் மனைவிக்கு இன்றுவரை நெகட்டிவ். ஆனால் எந்த வீடியோவைப் பார்த்தாலும் என்னைப் போன்றவன் இருட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான், முகத்தை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். முகத்தை மறைத்த உடனேயே இவன் ஏதோ தப்பு செய்தவன் என்று பார்ப்பவன் முடிவு கட்டிவிடுகிறான். இதைப் புனைபெயரில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிகிறது, சிரிக்காதீர்கள். நடிகரைப் போட்டாலும் பரவாயில்லை, வேலைக்குப் போகிறவனாகக் காட்டுங்கள்.

வடசென்னை திருநங்கை:
இதே குறை எங்களுக்கும். வீடியோவில் திருநங்கை வந்தால் அடுத்த காட்சியில் நோய் வரும். கேமராவுக்குப் பின்னால் எங்களையும் கூப்பிடுங்கள், எந்த வசனத்துக்கு எங்கள் ஆட்கள் போனை அணைத்துவிட்டுப் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நாவலூர்க்காரன்:
அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். வீடியோ பார்த்த காண்ட்ராக்டர், "எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்து லிஸ்ட் என் கையில் கொடு" என்கிறார்.

பழைய கவுன்சிலர்:
கொடுக்கவே கொடுக்காதீர்கள்! எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்கான 2017 சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, டெஸ்ட் எடுத்தால்தான் வேலை என்றும் சொல்லக் கூடாது, ரிசல்ட் அந்த ஆளுக்கு மட்டும்தான். விருப்பப்பட்டவர்கள் நம்பிக்கை மையத்துக்குத் தாங்களாகப் போகட்டும், டெஸ்ட் இலவசம். வீடியோ முடியும்போது 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு தடவை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நாவலூர்க்காரன்:
சரி, காண்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன், முறைத்தார், விட்டுவிட்டார். தனித்தட்டும் போயாயிற்று, அந்தப் பையன் பக்கத்தில் நானே ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒடியாவில் பேச சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார், நேற்று ராத்திரி போனிலேயே எடுத்தோம். "நிரோத்" என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மூன்று டேக் போயும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விடலாம் என்று இருக்கிறேன்.