ஸ்டாக்ஸ் லாம்டா: இடது காது மங்கல், மழைநாளில் கடுகு வெடிக்கிற சத்தம். டிரைவரைப் பிரிக்கலாமுங்களா?

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. ஹெட்ஃபோன் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-லாம்டா, மின்னூட்டின மெல்லிய படலம் அசைஞ்சு சத்தம் தர்ற எலக்ட்ரோஸ்டேட்டிக் வகை. 230 வோல்ட் பயாஸ் (படலத்துக்குப் போற நிலையான மின்னழுத்தம்), ஆறு பின் பிளக். கூட எஸ்ஆர்டி-7 அடாப்டர், ஆம்ப் சிக்னலை உயர்த்தி பயாஸும் கொடுக்கிற பெட்டி. ஜப்பானில் விற்ற 100 வோல்ட் யூனிட் என்பதால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியா ஓடுது. ஆம்ப், டிபிஏ3116 சிப் வச்ச டி வகுப்பு போர்டு.

இடது பக்கம் வலதைவிடப் பாதிதான் கேட்குது. மழை பிடிச்ச நாள்ல போட்டுப் பத்து நிமிஷத்துக்குள்ள இடது காதுல கடுகு தாளிக்கிற மாதிரி பொரியுது. பேடு உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் கறுப்புப் பொடியா உதிருது. அடாப்டருக்குப் போற ஸ்பீக்கர் வயரை இடம் வலம் மாத்தியும் குறை இடதுலயேதான் நிக்குது.

மூணு கேள்வி. டிரைவரை (சத்தம் எழுப்பற பகுதி) பிரிச்சு, அதுக்குள்ள அசையற படலமான டயாஃப்ரத்துக்குப் புதுசா கோட்டிங் (மின்னூட்டத்தைப் பரப்பற பூச்சு) போடலாமா? பனியன் யூனிட்ல இருக்கிற ஏர் கன்னால தூசியை ஊதலாமா? அடாப்டரோட இன்னொரு சாக்கெட்ல பயாஸை மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா 118 வோல்ட்தான் காட்டுது. 230 இல்ல வரணும்?

காளப்பட்டி

ஏர் கன்னை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. டயாஃப்ரம் ரெண்டு மைக்ரான் வாக்கில் தடிமன் உள்ள மைலார் (பாலியெஸ்டர்) படலம். ரெண்டு ஸ்டேட்டர் தகட்டுக்கும் (சிக்னல் பாயற ஓட்டைத் தகடுகள்) நடுவுல, ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில நிக்குது. கம்ப்ரஸர் காத்து பட்டா ஒரு நொடியில கிழியும், இல்லைனா இழுவிசை தளர்ந்து ஸ்டேட்டர்ல ஒட்டிக்கும். அதுக்கப்புறம் செய்ய ஒண்ணும் இல்லை.

118 வோல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாமுங்க, குறையறதுல பெரும்பகுதி மீட்டரோட வேலை. பயாஸ் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாத்தான் பின்னுக்கு வருது. அது 4.7 மெகா ஓம்னு வச்சுக்குங்க (மஞ்சள், ஊதா, பச்சை கோடு இருக்கான்னு பார்த்துக்கலாம்). உங்க மல்டிமீட்டரோட உள் தடை 10 மெகா ஓம். 230-ஐ 10 ஆல பெருக்கி 14.7 ஆல வகுத்தா 156. ஆக, நல்ல அடாப்டர்ல ஹெட்ஃபோன் மாட்டாம 156 பக்கம் காட்டினாலே பயாஸ் சரி.

இப்ப இதைப் பாருங்க: ஹெட்ஃபோனைக் கழற்றி ஒரு அளவு, மாட்டி ஒரு அளவு. நல்ல ஹெட்ஃபோன் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது, ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். கழற்றினா 156, மாட்டினா 118-ன்னா, எங்கேயோ சுமார் 10 மெகா ஓம் கசிவு இருக்குன்னு அர்த்தம்.

பயாஸ் ரெண்டு காதுக்கும் பொது. சப்ளை மட்டும் கெட்டிருந்தா ரெண்டும் சேர்ந்து மங்கும். ஒரு காது மட்டும் மங்கினா அந்தக் காதுக்குள்ள பழுது, அல்லது அடாப்டர்ல அந்தப் பக்க ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர். பிந்தினதை ஒதுக்க: அடாப்டரோட மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிட்டு, ஹெட்ஃபோன் இல்லாம, ரெண்டு சேனலுக்கும் ஒரே அளவு 100 ஹெர்ட்ஸ் டோனை மெல்லமா கொடுங்க. சாக்கெட்ல இடது ஜோடி, வலது ஜோடி ரெண்டுக்கும் ஏசி வோல்ட் அளந்து பாருங்க. அஞ்சு சதவீதத்துக்குள்ள ஒத்துப் போனா ட்ரான்ஸ்ஃபார்மர் மேல பழி இல்லை. உள்ளூர் மீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸ்ல தப்பாக் காட்டும், அதனாலதான் 100.

சத்தம் மாறுற விதமும் ஒரு சாட்சி. போட்டவுடனே மங்கலா இருந்து பத்து இருபது நிமிஷத்துல மெல்ல ஏறினா, கோட்டிங் தேஞ்சு தடை கூடிப்போச்சு, அல்லது பயாஸ் தொடுமுனை சரியில்லை. முதல்ல நல்லாக் கேட்டு அப்புறம் இறங்கினா, அல்லது ஈரநாள்ல மட்டும் மோசமானா, அது கசிவு. நீங்க சொல்றது ரெண்டாவது வகை.

சென்னிமலை

காளப்பட்டி அண்ணா சொன்ன கசிவுக்கு நம்ம பக்கத்துல முதல் சந்தேகம் பஞ்சுதானுங்க. பனியன் கம்பெனி, தறி, ஸ்பின்னிங் மில் இருக்கிற ஊர்ல காத்துலயே நூல்பஞ்சு மிதக்குது. பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சும். காய்ஞ்சிருந்தா சும்மா கிடக்கும். ஆடிச்சாரல்லயும் ஐப்பசி மழையிலயும் அதே இழை டயாஃப்ரத்துக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல ஒரு பாலமா மாறிடும். அந்தப் பொரியற சத்தம் அதுதான். உயர் மின்னழுத்தம் தூசியைத் தானா இழுக்கும்கிறதால, ஆன்ல வச்சுட்டு மேசை மேல திறந்து போடறது ரொம்பக் கெடுதல்.

சுத்தம் பண்ற வரிசை:

பிளக்கைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்க. காலையில பயாஸ் பின்னுக்கும் ஸ்டேட்டர் பின்களுக்கும் நடுவுல 1 மெகா ஓம் ரெசிஸ்டரை ஒரு நிமிஷம் வச்சு மிச்சத்தை இறக்குங்க. பேடு இரட்டைப்பசை டேப்ல ஒட்டியிருக்கும். ஒரு மூலையில நகத்தால தூக்கி, இழுக்காம உருட்டி எடுங்க. பழைய பசைக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சியில தொட்டுப் பிழிஞ்சு. மருந்துக்கடை 70 சதவீதம் வேண்டாம், மிச்சம் முப்பது தண்ணி. குச்சி நுனிப் பஞ்சு உதிராம பார்த்துக்குங்க.

அதுக்கு அடியில திருகுகள். கழற்றும்போது டிரைவர் முகம் எப்பவும் கீழே பார்த்திருக்கணும், பொடி உள்ளே போகாம தரையில விழும். மென்மையான ஓவிய பிரஷ்ஷால பக்கவாட்டுல வருடுங்க, குத்தக் கூடாது. வேக்கூம் வைக்கணும்னா குறைஞ்ச வேகம், ஒரு சாண் தள்ளி.

பிறகு டஸ்ட் கவர். டிரைவரோட ரெண்டு பக்கமும் மெல்லிய படலம் இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தைச் சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. சோப்புக் குமிழி மாதிரி மினுமினுப்பு அறுபடாம ஓடினா கவர் நல்லா இருக்கு. எங்காவது மினுமினுப்பு நின்னு தகட்டு ஓட்டைகள் தெளிவாத் தெரிஞ்சா அங்கே கிழிசல். பின்பக்கம் மஞ்சள் கண்ணாடி இழை இருக்கிற மாடல்னா அதைக் கையால தொட வேண்டாம், இலவம்பஞ்சோ பருத்தியோ வச்சு மாத்தவும் வேண்டாம்.

கடைசியா உலர்த்தல். காற்றுப்புகாத டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி, மூணு நாள். 40–45 சதவீதத்துல நிக்கணும். ஜெல் நிறம் மாறினா ஓவன்ல 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சா மறுபடி உயிர் வரும்.

பவானி ஆத்தோரம்

ஈரம்தானே, ஹேர் டிரையர் காட்டினா பத்து நிமிஷத்துல காயுமே? மூணு நாள் எதுக்குங்க?

சென்னிமலை

வேண்டாமுங்க. டிரையர் வாயில 80 டிகிரிக்கு மேல போகும். மைலார் சூட்டுல சுருங்கும், விளிம்புப் பசை இளகும். ரெண்டும் சேர்ந்தா இழுவிசை ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைஞ்சு, பாஸ் வரும்போது படலம் ஸ்டேட்டர்ல போய் ஒட்டும். அவசரம்னா 40 டிகிரி தாண்டாத வெதுவெதுப்பு போதும்.

காளப்பட்டி

கோட்டிங் கேள்விக்கு. லாம்டா டிரைவர் பசையில மூடினது. பிரிச்சா இழுவிசையைப் பழையபடி கொண்டு வர்றது கஷ்டம், ரெண்டு காதும் ஒத்துப்போறது அதைவிடக் கஷ்டம். திருகால இறுக்கின பழைய வட்ட டிரைவர்னா செய்யலாம். அப்பவும் சிலர் கிராஃபைட் பொடியைத் தாராளமாத் தேய்க்கறாங்க, அது தப்பு. கோட்டிங்கோட பரப்புத் தடை சதுரத்துக்கு 100 மெகா ஓமுக்கு மேல இருந்தாத்தான் இசை ஓடும்போது மின்னூட்டம் இருந்த இடத்துலயே நிக்கும். தடை குறைஞ்சா படலம் ஸ்டேட்டரை நெருங்கற இடத்துக்கு மின்னூட்டம் ஓடிவந்து திரிபு கூடும். தேய்ச்ச படலத்துல சாதா மல்டிமீட்டர் ஏதாவது எண் காட்டினாலே கோட்டிங் அதிகம். பாத்திரம் கழுவற திரவத்தைப் பூசறதும் உண்டு. முதல்ல வேலை செய்யும், ஈரத்துக்கு ஏத்தபடி தடை மாறிக்கிட்டே இருக்கும்.

அந்த டிபிஏ3116 போர்டை உடனே நிறுத்துங்க. அது பிரிட்ஜ் அவுட்புட், நெகட்டிவ் முனையிலயும் சிக்னல் ஓடும். அடாப்டரோட ரெண்டு கறுப்பு முனைக்கும் நடுவுல கன்டினியூட்டி பாருங்க. பீப் வந்தா ரெண்டு சேனலும் அங்கே ஷார்ட், போர்டு போயிடும். இடது வலது நெகட்டிவ் பொதுவான சாதா ஏபி வகுப்பு ஆம்ப், 20 வாட் போதும்.

ஸ்டெப்-டவுன் ஆட்டோ வகையா (ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சுருள்), தனி வைண்டிங்கா? ராத்திரி நம்ம லைன் 250-ஐத் தொட்டா 100 வோல்ட் முனையில 109 பக்கம் வந்துடும், பயாஸும் அதே விகிதத்துல ஏறும். ஆட்டோ வகையில மெயின்ஸுக்கும் உங்க தலைக்கும் நடுவுல பிரிப்பே கிடையாது. கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடைகளுக்குக் குறைவில்லை. 50 விஏ, ப்ரைமரி 230 மற்றும் 250 டேப் (சுருள்ல இருந்து எடுக்கிற முனை), செகண்டரி 100, ரெண்டும் தனித்தனி அறையில சுத்தணும்னு கேளுங்க. வாங்கும்போதே 500 வோல்ட் மெக்கர்ல (மின்காப்பு சோதிக்கிற மீட்டர்) ப்ரைமரி–செகண்டரி பார்த்து 100 மெகா ஓமுக்கு மேல இருக்கணும். அந்த மெக்கரை ஹெட்ஃபோன்ல மட்டும் வச்சுராதீங்க.

அடாப்டரைத் திறந்தா மெயின்ஸ் உள்ளே நேரா நிக்கும். பயாஸ் பின்ல 50 மைக்ரோ ஆம்ப்தான் வரும், மூடிக்குள்ள அப்படி இல்லை. உள்ளே மாத்த வேண்டி வந்தா பயாஸ் டையோடு 1என்4007, கப்பாசிட்டருக்கு அதே மதிப்புல 630 வோல்ட் ஃபிலிம்.

நொய்யல்கரை, திருப்பூர்

பார்த்தேனுங்க. ஹெட்ஃபோன் இல்லாம 155, மாட்டினா 118. ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. கறுப்பு முனையில பீப் வந்துச்சு, போர்டை எடுத்தாச்சு. சுத்தம் பண்ணி நாலு நாள் டப்பாவுல வச்ச பிறகு மாட்டினா 151. பொரியறது நின்னுடுச்சு, இடது கிட்டத்தட்ட வலது அளவுக்கு வந்துடுச்சு. ஆனா காதுப்பக்கம் டஸ்ட் கவர்ல ஒரு நகம் அளவு கிழிசல். அழுத்தினா ஒரு மெல்லிய படபட சத்தமும் வருது, ரெண்டு காதுலயும்.

சென்னிமலை

அழுத்தும்போது படபடக்கறது காத்து அடைபட்டு டயாஃப்ரம் ஸ்டேட்டரைத் தொட்டு மீள்ற சத்தம். ரெண்டு காதுலயும் ஒண்ணு போல வந்தா, பேடு நல்லா அடைக்குதுன்னுதான் அர்த்தம். அதை விட்டுடுங்க.

கிழிசலுக்கு டேப் ஒட்டாதீங்க, கனம் கூடும். 3 முதல் 6 மைக்ரான் பாலியெஸ்டர் படலம் வாங்குங்க. சமையலறை க்ளிங் ஃபிலிம் தடிமன் கூட, தொய்ஞ்சும் போகும். கண்ணாடி மேல விரிச்சு நாலு பக்கமும் டேப்ல பிடிங்க. சுருக்கம் போனா போதும், தப்பட்டைத் தோல் மாதிரி இழுக்க வேண்டாம். பழைய படலத்தை விளிம்புல பிளேடால எடுக்கும்போது டிரைவர் முகம் கீழேதான். சட்டத்துல மட்டும் கான்டாக்ட் பசையைத் தீக்குச்சியால மெல்லிசாத் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு, படலத்து மேல சட்டத்தை இறக்குங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ஓரம் வெட்டலாம். இதுக்குக் கோட்டிங் எதுவும் கிடையாது. ஃபேனை நிறுத்திட்டு, தரையை ஈரத்துணியால துடைச்ச அறையில செய்யுங்க, தூசி படிஞ்சிருக்கும்.