பனங்காணிக்குள் கரண்ட் இல்லாத வீடு: எதில் தொடங்குவது?

வடலிவளவு:
யாழ்ப்பாணத்தில் மிருசுவில் பக்கம் எட்டுப் பரப்புக் காணி (அரை ஏக்கர்), முழுக்க இளம்பனை வடலியும் பற்றையும். கரண்ட் கம்பம் அரை மைல் தள்ளி. மரங்களை முடிந்தவரை தறிக்காமல், மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்து, நானும் மனைவியும் இருக்க நாங்களே ஒரு சின்ன வீடு கட்ட விருப்பம். சோலார் எத்தனை வாட், எந்தப் பற்றரி என்று ஒரு மாதமாக யூடியூப் பார்க்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கோ.

கிணத்தடி:
தம்பி, சோலாரைக் கடைசியில் பாருங்கள். கக்கூஸ் எங்கே, கிணறு எங்கே? எங்களுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று மேலே நின்று சொல்ல முடியாது. குழி வெட்டினால், நூறடி தள்ளி இருக்கிறதென்று நம்பித் தண்ணி குடிக்க ஏலாது. நான் நிலத்துக்கு மேலே, அடியும் பக்கமும் கொங்கிறீற் போட்டு இரண்டு அறை கட்டி, சிறுநீரைத் தனியாகப் பிரித்து விட்டிருக்கிறேன். போனபிறகு ஒரு சிரட்டை சாம்பல். ஒன்று நிறைந்தால் மூடி ஒரு வருஷம் விட்டு மற்றதைப் பாவிப்போம். வந்த சொந்தக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள், வரும்போது பொத்தவில்லை.

கிணற்றில் பெரிய மோட்டரும் வேண்டாம். நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேலே மிதக்கிறது, மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உவர் 40 அடி வரை ஏறலாம். ஒரு கோடை தோட்டத்துக்கென்று இறைத்துத் தள்ளினேன், தேத்தண்ணி கரித்தபிறகுதான் நிறுத்தினேன். இப்போது துலா வைத்துக் கையால்தான் இறைப்பு.

மேசன்:
ஓலை குளிர்ச்சிதான், சரி. ஆனால் அந்தக் கூரைத் தண்ணியை ராங்கில் பிடித்தால் சாயத்தண்ணி மாதிரி வரும். படுக்கிற மாலுக்கு ஓலை, குசினிக்கு ஓடு போடுங்கள். 300 சதுர அடி ஓட்டில், வருஷம் 1,200 மி.மீ. மழை என்று வைத்தாலும், சிந்தியது போக 25,000 லீற்றர் பிடிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால் மாரி முடிந்து ஒன்பது மாதத்துக்கு 5,400 தான், அதனால் 6,000 லீற்றர் ராங்க் காணும். முதல் மழையை வெளியே விடுங்கள், காகம் இருந்த கூரை.

அந்தப் பக்கம் மண்ணில் மணல் கூட. ஈரமண்ணை உருண்டை பிடித்து இடுப்புயரத்தில் இருந்து போட்டுப் பாருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் களி சேர்க்க வேண்டும். அத்திவாரத்தைக் கல்லால் இரண்டடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் மழையும் கறையானும் பங்கு போட்டுக்கொள்ளும். கூரைக்குப் பனை வளை வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள், வெளிப்பக்கக் கறுப்பு வைரம் மெல்லிசாக இருந்து, உள்ளே மெதுவான சோத்தி கூடினால் வேண்டாம். சொந்தக் காணியென்றாலும் பெண்பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வடலிவளவு:
குழி வெட்ட ஆளுக்குச் சொல்லியிருந்தேன், நிறுத்திவிட்டேன் அண்ணை. அப்போ சோலார்?

கிணத்தடி:
இரண்டு டிசி ஃபேன், நாலு பல்ப், போன், எல்லாம் சேர்த்து நாளுக்கு 700 வாட்-மணி வராது. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்று, 400 வாட் பனல். பிரிட்ஜ் என்றால் கணக்கு மாறும், வீட்டில் கேட்டீர்களா?

வடலிவளவு:
கேட்டேன். பிரிட்ஜ் வேண்டாமாம். கிரைண்டர் வேண்டுமாம்.