யாருப்பா இந்தப் பாப்பா?

பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் இருந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு நடுவே 52 நொடி நீளத்தில் ஒரு ஒலிப்பதிவு. யாரோ தெரியாமல் அழுத்தி ஓடியிருக்கிறது. பாத்திரச் சத்தம், கதவு சாத்தும் சத்தம், நடுவில் என் மகன். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. "அப்பா, லாத்திலி வந்துடுச்சா? வெளிய போய்ப் பாக்கலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். நான் "இருப்பா, இரு" என்கிறேன். ஐந்து முறை.

இப்போது அவனுக்கு எட்டு. கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "யாருப்பா இந்தப் பாப்பா?" என்றான்.

சிரித்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்குமே நினைவில் தங்குவதில்லை. ஆக, அந்த லாத்திலிப் பையனைத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் நானும் என் மனைவியும் இன்னும் நாலைந்து பேரும்தான். அவனுக்கே அவனைத் தெரியாது.

உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பிள்ளை இப்படி இருந்தால் சொல்லுங்கள். பிறந்தநாள், பரிசு வாங்கிய கதையெல்லாம் வேண்டாம். சும்மா ஒரு நாளில் நடந்தது போதும்.

ஒரு பெண்ணின் அம்மா

'லாத்திலி' என்று படித்ததும் மனசு என்னவோ செய்தது. என் மகளுக்கும் 'ர' வராது. குதிரை 'குதிலை'. அதுகூடப் பரவாயில்லை, மரம்தான் பிரச்சினை. "அம்மா, மலத்து மேல காக்கா!" என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் கத்துவாள். அந்த எழுத்து தாமதமாகத்தான் பிடிபடும், ஐந்தாறு வயதுவரைகூடப் போகலாம், பொறுங்கள் என்றார் மருத்துவர். எனக்குத்தான் பொறுமை இல்லை. தினமும் பத்து நிமிடம் உட்கார வைத்து மரம், கரம், சரம் என்று சொல்ல வைத்தேன்.

ஒரு நாள் வந்துவிட்டது. கைதட்டிக் கொண்டாடினோம். ஒரு வாரம் கழித்து ஆசையாக இருந்தது. "குதிலைன்னு ஒரு தடவை சொல்லேன்" என்றேன். "தப்பா சொல்லக் கூடாதும்மா" என்றாள். அது அப்படியே என் குரல்.

இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். 'இந்த நாட்கள் திரும்ப வராது, ஒவ்வொரு நொடியையும் ரசி' என்று என்னிடம் சொல்பவர்கள் எல்லாரும் ராத்திரி நன்றாகத் தூங்குபவர்கள். சின்னவன் பிறந்த புதிதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுத்தேன். பகல் எது இரவு எது என்று தெரியாது. அதில் எதை ரசிப்பது?

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. எந்த நேரத்தில் விரலை வைத்தாலும் உள்ளங்கையை மூடி இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அது அனிச்சைச் செயல், அன்பெல்லாம் இல்லை, ஐந்தாறு மாதத்தில் போய்விடும் என்று படித்திருந்தேன். தெரிந்தும் வைப்பேன். இப்போது அவனுக்கு ஏழு மாதம். விரலை வைத்தால் பிடித்து வாயில் போட்டுக் கடிக்கிறான். சரி, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பதினைந்து வயதுப் பையனின் அப்பா

எங்கள் வீட்டில் கதவுச் சட்டத்தில் பென்சில் கோடு போடும் பழக்கம். வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்று ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த கோடு, பதிமூன்றில் ஒரே தாவு. இப்போது கோடு போட நான்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நேருக்கு நேர் உட்கார்ந்து "என்னடா விஷயம்?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பான். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் பேசுவான். முகம் தெரியவில்லை, அதனால் பேச்சு வருகிறது போல. ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும். "என்னது?" என்று திருப்பிக் கேட்டால் நிறுத்திவிடுவான் என்று தெரிந்துகொண்டதால் "ம்" மட்டும் சொல்கிறேன். போன வாரம் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு தெரு கூடுதலாகச் சுற்றினேன். அவனுக்குத் தெரிந்திருக்கும். எதுவும் சொல்லவில்லை.

ஒரு பாட்டி

நீங்களெல்லாம் உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்றே எழுதுகிறீர்கள். அவர்களுக்கு என்ன நிற்கிறது என்பது வேறு கணக்கு.

நான் வேலைக்குப் போனவள். மகளோடு போதுமான நேரம் இருக்கவில்லை என்ற குறை எனக்கு முப்பது வருடமாக உண்டு. ஒரு நாள் அவளிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, "நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்துல உக்காந்து தூங்கிடுவியே, குறட்டை வேற. அது எனக்குப் பிடிக்கும்" என்றாள். எனக்கோ அது வெட்கப்பட்ட விஷயம். அவள் எழுதி முடிப்பதற்குள் கண் சொருகிவிடுகிறதே என்று என்னையே திட்டிக்கொள்வேன். நான் குறட்டை விடுவேன் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

முதலில் எழுதியவன்

பாட்டி, உங்கள் குறட்டைக் கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "இப்போ நான் பேசுறேன், நீ பதிவு பண்ணு. பெரியவனான பிறகு எனக்கு அடையாளம் தெரியுதான்னு பார்க்கலாம்" என்றான். போனை நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினான், நாற்காலியை ஆட்டினான். கடைசியில், "ஓடுதாப்பா?" என்றான். "ஓடுது" என்றேன். "சரி, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டான்.

இரண்டு நிமிடம் ஓடியிருக்கிறது. அழிக்கவில்லை.